இசைப்பதிவு உரிமமும் இறக்குமதி இசைத்தட்டுகளும்

இசைப்பதிவு உரிமம் என்பது, ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமையை வைத்திருக்கும் நிறுவனம், அதைக் குறிப்பிட்ட ஒரு நாட்டில் தயாரித்து விற்க வேறொரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் மூலம் தரும் அனுமதியாகும். ஒரு நாட்டின் இசை மற்றொரு நாட்டுக் கடைக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒப்பந்தமே முடிவு செய்கிறது. வாங்குபவர் பணத்துடன் காத்திருந்தும், கடைக்காரர் வரவழைக்க முன்வந்தும், ஓர் இசைத்தட்டு கிடைக்காமல் போவதற்கு இதுவே பல நேரங்களில் காரணமாகிறது.

உரிமம் செயல்படும் முறை

இசைத்தட்டுகளைத் தொலைதூரம் அனுப்புவதற்குச் செலவு அதிகம். வெளிநாட்டுக் கடைகளுடன் தொடர்பு வைத்திருப்பதும் கடினம். எனவே உரிமையாளர் நிறுவனம் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு உள்ளூர் நிறுவனத்தைத் தேர்ந்து, குறிப்பிட்ட காலத்துக்குத் தனி உரிமம் வழங்குகிறது. உள்ளூர் நிறுவனம் மூலப்பதிவைப் பெற்றுத் தட்டுகளைத் தயாரிக்கிறது, விளம்பரம் செய்கிறது, விற்பனைக்கேற்ப உரிமத்தொகை செலுத்துகிறது.

தனி உரிமம் பெற்றவர் ஒரு தட்டைத் தாமதமாக வெளியிடலாம், பாடல்களை மாற்றலாம், வெளியிடாமலும் விடலாம். அப்போது வணிகர் சிலர் வேறு நாட்டில் விற்கப்படும் அதே தட்டை வாங்கி வருகின்றனர். இதற்கு இணை இறக்குமதி என்று பெயர். இது கள்ளப்பதிப்பு அன்று. உரிமையாளரின் அனுமதியுடன் தயாரான அசல் தட்டே. ஆனால் அது எந்த நாட்டுக்காகத் தயாரானதோ அந்த நாட்டுக்கு வெளியே விற்கப்படுகிறது. இதை அனுமதிக்கலாமா என்பதில் நாடுகள் வேறுபட்ட முடிவுகளை எடுத்துள்ளன.

பீட்டில்ஸ் இசைத்தட்டுகள்

பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைப் பிரித்தானியாவில் இஎம்ஐ நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவின் கேப்பிட்டல் நிறுவனம் இஎம்ஐக்குச் சொந்தமானதாக இருந்தும், தொடக்கத்தில் இக்குழுவின் பாடல்களை வெளியிட மறுத்தது. ஆகவே 1963இல் வீ-ஜே, சுவான் ஆகிய சிறு நிறுவனங்கள் சில பாடல்களை அங்கு வெளியிட்டன. அந்த ஆண்டின் இறுதியில்தான் கேப்பிட்டல் முன்வந்தது.

அதன் பின்னரும் இரு நாட்டுத் தட்டுகளும் ஒன்றாக இருக்கவில்லை. பிரித்தானியத் தட்டுகளில் பெரும்பாலும் 14 பாடல்கள் இருந்தன. கேப்பிட்டல் அவற்றைக் குறைத்து, மிஞ்சிய பாடல்களைக் கொண்டு கூடுதல் தட்டுகளை உருவாக்கியது. அமெரிக்காவில் ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனியே உரிமத்தொகை கட்ட வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணம். 1966இல் வெளியான 'ரிவால்வர்' அமெரிக்காவில் 11 பாடல்களுடன் வந்தது. விடுபட்ட மூன்றும் ஜான் லெனான் பாடியவை. இதனால் அத்தட்டில் அவர் முதன்மையாகப் பாடியவை ஐந்திலிருந்து இரண்டாகச் சுருங்கின. பிரித்தானியத் தட்டை இறக்குமதியாகப் பெற்றவரும் அமெரிக்கத் தட்டை வாங்கியவரும் ஒரே பெயரில் வெவ்வேறு படைப்புகளைக் கேட்டனர். 1987இல் குறுவட்டுகள் வந்தபோது பிரித்தானியப் பாடல் வரிசையே பொதுவானது.

ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகள்

டாய்ச்சே கிராமபோன் நிறுவனத்தின் தட்டுகளை மெட்ரோ என்னும் விற்பனை நிறுவனம் பிரான்சு வழியாகப் பெற்று, செருமனியில் குறைந்த விலைக்கு விற்றது. 1971இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தடுக்க முடியாது என்றது. உரிமையாளரின் இசைவுடன் ஒரு உறுப்பு நாட்டில் விற்பனைக்கு வந்த தட்டு, பிற உறுப்பு நாடுகளுக்கும் தடையின்றிச் செல்லலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

1982இல் வந்த பாலிடோர் வழக்கில் முடிவு மாறியது. பீ ஜீஸ் குழுவின் தட்டுகள் போர்த்துகலில் உரிமத்துடன் தயாராகிப் பிரித்தானியாவுக்கு இறக்குமதியாயின. போர்த்துகல் அப்போது ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே பிரித்தானியாவில் தனி உரிமம் பெற்றிருந்த பாலிடோர் இந்த இறக்குமதியைத் தடுக்கலாம் என நீதிமன்றம் கூறியது. இரு வழக்குகளிலும் தட்டுகள் அசலானவையே. அவை எந்த எல்லையைக் கடந்து வந்தன என்பதே முடிவை மாற்றியது.

பிற நாடுகளின் நிலை

ஆஸ்திரேலியா 1998இல் சட்டத்தைத் திருத்தி, அசல் இசைத்தட்டுகளின் இணை இறக்குமதியை அனுமதித்தது. இறக்குமதி செய்த கடைகளுக்கு எதிராக யுனிவர்சல், வார்னர் ஆகிய நிறுவனங்கள் நடவடிக்கை எடுத்தன. அந்நிறுவனங்கள் போட்டிச் சட்டத்தை மீறியது 2003இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது.

ஜப்பான் எதிர்த்திசையில் சென்றது. அங்கு உள்நாட்டுக் குறுவட்டுகளின் விலை அதிகம். பிற ஆசிய நாடுகளில் உரிமத்துடன் மலிவாக விற்கப்பட்ட ஜப்பானிய இசைத்தட்டுகள் தாயகத்துக்கே திரும்பி வந்தன. அவற்றைத் தடுக்கும் சட்டத் திருத்தம் 2004இல் நிறைவேறி, 2005 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. மேற்கத்திய இறக்குமதித் தட்டுகளும் இதனால் தடைபடும் என இசை விமர்சகர்களும் ரசிகர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மலிவான இறக்குமதியுடன் போட்டியிட, மேற்கத்திய இசைத்தட்டுகளின் ஜப்பானியப் பதிப்பில் கூடுதல் பாடல்களைச் சேர்க்கும் வழக்கமும் அங்கு உள்ளது.

அமெரிக்காவில் நீண்ட காலம் குழப்பம் நிலவியது. வெளிநாட்டில் சட்டப்படி தயாரான பிரதியை விலைக்கு வாங்கியவர் அதை அமெரிக்காவில் மறுவிற்பனை செய்யலாம் என 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடநூல்கள் தொடர்பான வழக்கு அது. எனினும் அதன் விதி இசைத்தட்டுகளுக்கும் பொருந்தும்.

இரு தரப்பு வாதங்கள்

இணை இறக்குமதியைத் தடுத்தால்தான் உள்ளூர் நிறுவனம் விளம்பரத்துக்குச் செலவிடத் துணியும் என்பர் ஒரு சாரார். வெளிநாட்டு இசையில் கிடைக்கும் வருவாயைக் கொண்டே உள்ளூர்க் கலைஞர்களின் பதிவுகளை வெளியிட முடியும் என்றும் கூறுவர். கலைஞருக்கு ஏற்கெனவே உரிமத்தொகை கிடைத்துவிட்ட பொருளை மீண்டும் தடுப்பது, விலையை உயர்த்தி வைக்கவே உதவும் என்பது மறுதரப்பின் வாதம். உள்ளூரில் வெளிவராத இசையைப் பொறுத்தவரை, இறக்குமதியைத் தடுப்பது கேட்பவரின் ஒரே வழியையும் அடைப்பதாகும்.

இணையக் காலத்தில்

இணைய இசைச் சேவைகளில் கப்பலும் சுங்கச்சாவடியும் இல்லை. ஆயினும் உரிமங்கள் இன்றும் நாடுவாரியாகவே வழங்கப்படுகின்றன. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது வார்னர் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்படவில்லை. பிணக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2020இல்தான் தீர்ந்தது. பிற நாடுகளில் அதே சேவையில் கேட்க முடிந்த பல பாடல்களை இந்தியப் பயனர்கள் அதுவரை அதில் கேட்க இயலவில்லை. இறக்குமதித் தட்டை வாங்கியவரிடம் அது நிலைத்திருக்கும். இணையச் சேவையில் உள்ள பாடலோ உரிமம் முடியும் நாளில் நீங்கிவிடக்கூடும்.