கைக்கடிகாரத்தில் நீர்க்கசிவு: பழைய பட்டறைச் சோதனை

மழைக்காலத்தில் கைக்கடிகாரக் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தாற்போல் மங்குவதைப் பலரும் கண்டிருப்பர். சிறிது நேரத்தில் அம்மங்கல் மறைந்துவிடும். ஆனால் ஈரம் உறைக்குள்ளேயே தங்கியிருக்கும். அஃது எஃகு உறுப்புக்களில் துருவை உண்டாக்கும். மயிரிழை போன்ற சுருள்வில்லில் துரு பற்றினால் கடிகாரம் சரியான நேரம் காட்டாது. காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் பணியாளருக்கு இஃது அற்பக் குறையன்று.

நீர் புகக்கூடிய இடங்கள் மூன்று: கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி, சாவி கொடுக்கும் குமிழின் தண்டு. ரோலெக்ஸ் நிறுவனம் 1926-இல் வெளியிட்ட ஆய்ஸ்டர் கடிகாரத்தில் பின்மூடியும் குமிழும் திருகி இறுக்கப்பட்டன. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை அதனை அணிந்து, ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் பத்து மணி நேரத்திற்கு மேல் இருந்தார், கடிகாரம் நிற்கவில்லை. எனினும் புதிய உறையின் காப்பு என்றும் நிலைப்பதன்று. வெப்பத்தாலும் வியர்வையாலும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகி வெடிக்கின்றன. ஆகவே பழைய கடிகாரத்தின் பின்மூடியில் பொறித்துள்ள எழுத்தை நம்பாது, சோதித்தறிதலே தக்கது.

இதற்கெனக் கடிகாரப் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கருவி எளியது. தடித்த, ஒளிபுகும் உருளை ஒன்று. அதில் பாதியளவு நீர். மேலே காற்றடிக்கும் கைப்பம்பும் அமுக்கமானியும். கடிகாரத்தைத் தொங்கவிட்டு ஏற்றி இறக்கத்தக்க தண்டு ஒன்று. இவையே அதன் உறுப்புக்கள்.

முதலில் கடிகாரத்தை நீருக்கு மேலே நிறுத்தி, உருளையினுள் காற்றை அடைக்க வேண்டும். உறையில் துளை இருப்பின், சில நிமிடங்களில் காற்று அதன் வழியே உட்புகும். உள்ளும் புறமும் அமுக்கம் சமமான பின்னரே கடிகாரத்தை நீரில் இறக்க வேண்டும். அமுக்கம் சமமாயிருப்பதால் நீர் உட்செல்வதில்லை. பின்பு உருளையின் காற்றை மெல்ல வெளிவிட்டால், உறைக்குள் அடைபட்ட காற்று விரிந்து, துளை வழியே குமிழிகளாக வெளிப்படும். அவை தோன்றும் இடமே கசியும் இடமாம்.

இதன் அடிப்படை பாயிலின் விதியே. 30 மீட்டர் ஆழத்திற்கு ஈடாக அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் நான்கு மடங்காகுமாயின், கசியும் உறைக்குள் நான்கு மடங்கு காற்று அடங்கும். அமுக்கம் நீங்கும்போது அதில் முக்கால் பங்கு வெளியேறியாக வேண்டும்.

வரிசை மாறினால் சோதனையே கடிகாரத்தைக் கெடுத்துவிடும். நீரில் மூழ்கியிருக்கும்போது காற்றடித்தால் நீர் உட்புகும். தொடர்ச்சியான குமிழிகளைக் கண்டவுடன், எஞ்சிய அமுக்கத்தை வெளிவிடுமுன், கடிகாரத்தை நீருக்கு மேலே உயர்த்திவிட வேண்டும். காற்றை விரைந்து வெளிவிட்டால் உள்ளமுக்கம் கண்ணாடியைப் பெயர்த்தெறியக்கூடும். ஓரிரு குமிழிகள் மட்டும் தோன்றி நின்றுவிடின், அவை வார் மாட்டும் இடுக்குகளில் ஒட்டியிருந்த காற்றாகலாம். ஐயத்திற்குரிய பழைய கடிகாரமாயின், உள்ளிருக்கும் இயந்திரத்தை எடுத்துவிட்டு வெற்றுறையை மட்டும் சோதித்தலே நலம்.

வகுப்பறையில் இக்கருவி இன்றியே இதன் தத்துவத்தை விளக்கலாம். வெறும் மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியில் நுண்ணிய துளையிட்டு, மூடி கீழ்நோக்கியிருக்குமாறு புட்டியை வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் வெளிவரும். உடனே அதனைக் குளிர்நீருக்கு மாற்றினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உள்ளிழுக்கும். வெயிலில் சூடேறிய கடிகாரத்துடன் ஆற்றில் இறங்குபவருக்கு நேர்வதும் இதுவே. நீர் உட்புகுந்த பின் செய்யும் பழுதுபார்ப்பினும், உரிய காலத்தில் மாற்றப்படும் ஒரு ரப்பர் வளையம் மலிவானது.