மகளைத் தேடிய தச்சன்

பெற்ற குழந்தை பட்டப்பகலில் காணாமற் போய்விட்டால் ஒரு தகப்பன் எதுவரை துணிவான்? 2013-ல் வெளியான ‘பிரிஸனர்ஸ்’ என்ற அமெரிக்கப் படம் இரண்டரை மணி நேரம் இந்தக் கேள்வியால் நம்மை உலுக்கி எடுத்துவிடுகிறது. டைரக்டர், கனடா நாட்டவரான டெனி வில்நவ்.

பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் ஒரு சிற்றூர். நன்றி கூறும் பண்டிகையன்று இரு குடும்பத்தார் கூடி விருந்துண்கிறார்கள். விளையாடப் போன ஆன்னா, ஜாய் என்ற சிறுமிகள் திரும்பவில்லை. தெருவில் வண்டியோடு நின்றிருந்த அலெக்ஸ் என்ற வாலிபன் பிடிபடுகிறான். அவனுக்குப் பத்து வயதுப் பிள்ளையின் புத்திதான். தடயம் ஏதும் சிக்காததால் போலீசார் அவனை விட்டுவிடுகிறார்கள்.

ஆன்னாவின் தகப்பன் கெல்லர் விடவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே, மகன் மானைச் சுடக் குறி பார்க்கையில் பக்கத்தில் நின்று ஜெபம் சொல்கிற பக்திமான் இவன்! அலெக்ஸைத் தூக்கிச் சென்று பாழடைந்த வீட்டில் அடைக்கிறான். முகம் உருத்தெரியாமல் வீங்கும்வரை அடிக்கிறான். தச்சுத் தொழில் தெரிந்தவனல்லவா? குளியலறையையே பலகை அடித்து இருட்டுக் கூண்டாக்கி, உள்ளே கொதிநீரைத் திறந்துவிடுகிறான். கெல்லராக வரும் ஹியூ ஜாக்மனின் கண்களில் வெறியும் அழுகையும் ஒன்றாகத் தெரிகின்றன.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. ஜாயின் பெற்றோர் கண்ணியமானவர்கள். அந்தக் கூண்டை நேரில் கண்டு பதறுகிறார்கள். ஆயினும் தாய் நான்ஸி ஒரு முடிவுக்கு வருகிறாள்: கெல்லருக்கு உதவுவதில்லை, தடுப்பதும் இல்லை! அடிப்பவனை வெறுத்துவிடலாம், இந்தத் தாயை என்ன செய்வது?

பாம்பு, புதிர்ப்பாதை என்று நடுவே நீளும் கிளைக்கதை சற்று அதிகப்படிதான். ஆனால் மர்மம் அவிழும் இடம் நெஞ்சைப் பிசைகிறது. குற்றவாளி, அலெக்ஸை வளர்த்த ஹாலி. புற்றுநோயில் தன் மகனைப் பறிகொடுத்தவள், பிறர் பிள்ளைகளைத் திருடி அவர்களின் தெய்வ நம்பிக்கையைக் குலைக்கப் புறப்பட்டிருக்கிறாள். அலெக்ஸும் சிறுவயதில் அவளிடம் சிக்கிய குழந்தையே. கெல்லர் வதைத்தது அவனைத்தான்.

துப்பறியும் அதிகாரி லோகியாக ஜேக் ஜில்லன்ஹால். ஆன்னாவை உயிரோடு மீட்பவர் அவர்தான். கெல்லரோ ஹாலியிடம் சிக்கி, அவள் வீட்டுப் புறத்திலுள்ள குழியில் கிடக்கிறான். மகளின் சிவப்பு விசில் அவன் கையில் அகப்படுகிறது. இரவு வேளை. புலனாய்வு முடிந்து போலீசார் கிளம்பிவிட்டார்கள்; லோகி மட்டும் நிற்கிறார். எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம். திரும்பிப் பார்க்கிறார். மறுபடியும் அதே சத்தம்.