வண்டியேறி வரும் தண்ணீர்

நாஞ்சில் நாட்டிலும் தண்ணீருக்குக் கஷ்டம் உண்டா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பது வழக்கம். கோதையாற்றில் 1906-ல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையையும், பழையாறு பாயும் வயல்களையும், ஆண்டுக்கு இரு பருவ மழையையும் கண்டவர்கள் அவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும் வயலுக்குப் பாயும் ஜலம் வேறு, குடத்தில் பிடித்துக் குடிக்கும் ஜலம் வேறு. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை குளச்சல், மணக்குடி முதலிய கடலோர ஊர்களைத் தாக்கியபோது கிணறுகளில் உப்பு நீர் புகுந்தது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பம்புகள் ஓடாமல் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் நின்றது. அத்தகைய சமயங்களில் ஜனங்கள் எதிர்நோக்குவது தண்ணீர் வண்டியைத்தான்.

பெரிய லாரி நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். கடற்கரை ஊர்களின் குறுகிய சந்துகளில் நுழைய வல்லது சிறு வேனே. அதன் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றி, அடியில் ஒரு குழாயை மாட்டினால் தண்ணீர் வண்டி தயாராகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டு மாடியில் அசையாமல் நிற்கும் தொட்டிக்குச் செய்யும் வேலையையே ஓடும் வண்டிக்கும் செய்தால் என்ன நேரும் என்பதை நாம் சற்று ஆராய்தல் நலம்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். ஒரு லிட்டர் ஜலம் ஒரு கிலோ எடையுள்ளது. ஆகவே ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன். 2005-ல் வெளிவந்த டாடா ஏஸ் வண்டிக்கு விதிக்கப்பட்ட பாரமோ முக்கால் டன்தான். "ஆயிரம் லிட்டர்த் தொட்டியை வைத்துப் பாதி நிரப்பினால் போயிற்று" என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். அது அபாயமானது. அரைகுறையாக நிறைந்த தொட்டியில் ஜலம் அலைமோதும். வளைவில் திரும்புகையில் பாரம் முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே கவிழ்க்கவும் கூடும். இவ்வகை வண்டிக்கு ஐந்நூறு லிட்டர்த் தொட்டியை முழுதும் நிரப்பிச் செல்வதே தக்கது. தொட்டியின் அடிப்பாகம் முழுதும் சமமான பலகையின்மேல் படிந்திருக்க வேண்டும். நாற்புறமும் பட்டையிட்டு இறுக்க வேண்டும்.

இனி குழாய் வேலை. தொட்டியின் வளைந்த பக்கத்தில் துளையிட்டால் வாஷர் சரியாகப் படியாது. தட்டையான இடத்தில், அடிமட்டத்துக்குச் சற்று மேலே துளையிட்டு, உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்து டேங்க் நிப்பிளைப் பொருத்த வேண்டும். அடியில் தங்கும் வண்டல் குடத்துக்குள் வராதிருப்பதற்கே இந்த உயரம். வண்டலைக் கழுவி வெளியேற்ற, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில் தனியே ஒரு வாய் வேண்டும்.

நிப்பிளை அடுத்து உடனே ஒரு வால்வு அவசியம். வழியில் குழாய் உடைந்தாலும் வால்வை மூடித் தண்ணீரைக் காப்பாற்றிவிடலாம். வால்வுக்கு அப்பால் விறைப்பான பி.வி.சி. குழாயை நேரே ஒட்டுவது பெரும் பிழை. நிறைந்த தொட்டி சற்றே புடைக்கும், காலியானால் சுருங்கும், மேடுபள்ளங்களில் அது ஒரு பக்கமும் வண்டியின் உடல் ஒரு பக்கமுமாக ஆடும். அந்த ஆட்டம் முழுவதையும் நிப்பிளின் கழுத்து தாங்க நேர்ந்து, ஒருநாள் முறிந்துபோகும். ஆதலால் இடையில் ஒரு முழ நீளத்துக்கு வளையும் ஹோஸைக் கிளாம்ப் போட்டு இணைத்து, அதன் பிறகே குழாய்கள் உள்ள நீண்ட பைப்பை வண்டியின் உடலில் இறுக்க வேண்டும்.

அந்தப் பைப்பு எத்தனை அங்குலம் இருக்கலாம்? விட்டம் இரட்டித்தால் வாயின் பரப்பு நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அரை அங்குலக் குழாய்கள் நான்கைத் திறந்தால் ஓர் அங்குலப் பைப்பின் பரப்பு முழுதும் செலவாகிவிடும். உராய்வினால் ஏற்படும் நஷ்டத்தையும் எண்ணி ஒன்றரை அங்குலம் வைப்பதே விவேகம். குழாயின் கீழே குடம் நிமிர்ந்து நிற்க இடமும் விட வேண்டும்.

மரைகளில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். முன்னாளில் சணலில் வெள்ளை ஈயப் பசை தடவிச் சுற்றுவதுண்டு; ஈயம் உடலுக்கு விஷமாதலால் குடிநீருக்கு அது உதவாது. பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்கியபின் ரெஞ்சினால் சிறிதே திருப்பினால் போதும். பலத்தைக் காட்டினால் விரிசல்தான் மிஞ்சும்.

வரிசையின் கடைசியில் நிற்பவர்களையும் நாம் மறந்துவிடலாகாது. துவாரத்திலிருந்து வெளிவரும் நீரின் வேகம் அதன்மேல் நிற்கும் நீர்மட்டத்தைப் பொறுத்தது என்று 17-ம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்டார். மட்டம் ஒரு மீட்டர் இருக்கையில் விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் பாயும் ஜலம், மட்டம் கால் மீட்டராகக் குறைந்ததும் பாதி வேகத்தில்தான் வரும். கடைசியில் வருபவருடைய குடம் நிறைய இரட்டிப்பு நேரமாகும். இத்துடன் மூடியையும் காற்றுப்புகாமல் அடைத்துவிட்டால் ஓட்டம் இன்னும் தடைப்படும். மூடியருகே வலையிட்ட சிறு காற்றுத் துளை வைத்தால் பூச்சியும் புகாது, ஓட்டமும் தடைப்படாது.

சுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு டீசலோ இரசாயனமோ வைத்திருந்த தொட்டியைக் கழுவிக் குடிநீருக்கு எடுத்தல் கூடவே கூடாது. குடிநீரைக் குளோரின் இட்டுச் சுத்தி செய்கையில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணய விதி. இதைத் தொட்டியில் மட்டுமன்றிக் குழாயின் வாயிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். நிரப்பும் ஹோஸின் நுனி மண்ணில் புரண்டால் மற்ற முயற்சிகள் யாவும் வீண்.

ஐந்நூறு லிட்டர் என்பது பதினைந்து லிட்டர்க் குடங்கள் முப்பத்து மூன்றுதான். ஒரு நிப்பிளின் கழுத்து வழியில் முறிந்தால் அந்த முப்பத்து மூன்று வீடுகளிலும் அன்று அடுப்பில் உலை ஏறாது. ஆதலால் பஞ்சாயத்தாரும், திருவிழாக் கமிட்டியாரும், புயல் காலத்தில் உதவிக்கு முன்வரும் இளைஞர்களும் வண்டியை அமர்த்துகையில் தொட்டியின் பருமனை மட்டும் விசாரித்தால் போதாது. தேர்ந்த பிளம்பர் ஒருவரை அழைத்து, தொட்டியை நிரப்பி, கரடுமுரடான பாதையில் ஒருமுறை ஓட்டச் சொல்லி, திரும்பியதும் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கை ஈரமாகாவிட்டால் வண்டியைத் தைரியமாக அனுப்பலாம்.