பகல் தூக்கத்தில் தொலைந்த மனிதர்

சில படங்கள் முடிந்த பிறகுதான் தொடங்குகின்றன. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ எனக்கு அப்படித்தான்.

ஒரு ஞாயிறு மாலை, அம்பாங்கானில் எங்கள் வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். அரை மணி நேரத்தில் தம்பி கைப்பேசியை எடுத்துவிட்டான். முடிவில் அம்மா கேட்டார்: “அப்ப அந்த ஆளுக்குப் பேய் பிடிச்சிருந்ததா, இல்லையா?” நாள் முழுக்க வானொலியில் பேசுகிறவள் நான். ஆனால், பதில் வரவில்லை!

மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் படம் இது. 2022ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதுகளில் சிறந்த படமாகவும், மம்முட்டி சிறந்த நடிகராகவும் தேர்வானார்கள். ஆனால், படத்தில் நாம் அதிகம் கேட்பது தமிழ்தான்.

வேளாங்கண்ணியிலிருந்து கேரளா திரும்பும் ஒரு பேருந்து. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் தூங்குகிறார்கள். திடீரென விழித்த ஜேம்ஸ், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயல்வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் நுழைகிறார். ஈராண்டுக்கு முன் காணாமல்போன சுந்தரத்தின் வீடு அது. அன்று முதல் அவர் சுந்தரமாகவே பேசுகிறார், நடக்கிறார். பேருந்தில் தமிழ்ப் பாட்டைச் சகிக்காத அதே மனிதர்தான்!

ஏன் இப்படி? படம் சொல்வதே இல்லை. சாவைத் தூக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடும் குறள் ஒன்று வருகிறது, குறிப்பு அவ்வளவுதான். பின்னணி இசைக்குப் பதில், ஊரெங்கும் பழைய தமிழ்ப்படப் பாடல்களும் வசனங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பெயர், மொழி, வீடு மூன்றையும் எடுத்துவிட்டால் நம்மில் மிஞ்சுவது யார்? நான் புரிந்துகொண்ட கேள்வி இது.

ஆனால், அந்த ஞாயிறு இரவு என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. எங்கள் வீட்டிலும் ஒரு சுந்தரம் இருக்கிறார்.

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் போய், லயம் போய், தாமான் வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மறதி நோய் வந்ததிலிருந்து, மதியத் தூக்கம் கலைந்து எழுந்ததும், “பெரட்டுக்கு நேரமாச்சு, உளி எங்கே?” என்று தேடுவார். என்னைக் காலமான தன் தங்கையின் பெயரால் கூப்பிடுவார். “தாத்தா, இது தோட்டம் இல்லை, நான் உங்க பேத்தி” என்று தினமும் திருத்துவேன். அவர் முகம் சுருங்கிவிடும். சரியானதைத்தானே சொன்னேன் என்று எனக்கு ஒரு சமாதானம்.

படத்திலும் ஊரார் வந்தவரிடம், நீ சுந்தரம் இல்லை என்று வாதாடுகிறார்கள். அதனால் யாருக்கும் நிம்மதி வரவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குத் திருத்த வாய் வரவில்லை. “இன்னிக்கு எந்த நிரை தாத்தா?” என்று கேட்டேன். நிரையைச் சொன்னார், மழை வந்து பால் வீணான கதையைச் சொன்னார், தங்கையைப் பற்றியும் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கதைகள்.

இத்தகைய படங்களைப் பார்க்க ஒரே ஒரு யோசனை: விடை தேடி அவசரப்படாதீர்கள். எந்தக் காட்சி உங்கள் வீட்டு ஆளை நினைவூட்டுகிறதோ, அங்கே நில்லுங்கள்.

போன வாரம் தாத்தா மறுபடியும் உளியைத் தேடினார். நான் எழுவதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

“பெரட்டுக்கு இன்னும் நேரம் இருக்குப்பா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”