கனமானவை நடுவில்

இளம் விண்மீன் கொத்துகளில் நிறை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை அறிய வானியலாளர் திரும்பத் திரும்ப நாடும் இரண்டு கொத்துகள், திண்டுக்கல் வானில் ஒரே வேளையில் உச்சம் தொடுகின்றன. ஜனவரி நடுவில், இரவு பத்து மணிவாக்கில், ஓரியன் நெபுலாவின் டிரபீசியம் ஏறக்குறையத் தலைக்கு மேல் நிற்கும். நேர் கீழே, தெற்கு அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில், பெரிய மெகல்லன் மேகத்தின் ஆர்136. முன்னது சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில். பின்னது 1,60,000-க்கும் மேல். ஓரியனுக்கு ஒரு பைனாகுலர் போதும். ஆர்136-ஐச் சமவெளித் தூசியும் ஊர் வெளிச்சமும் விழுங்கிவிடும்.

நிறைப் பங்கீட்டுக்கு முதல் கணக்கு 1955-இல் எட்வின் சால்பீட்டர் போட்டது. அதன்படி, 10 முதல் 20 சூரிய நிறை வரையுள்ள விண்மீன் ஒன்று பிறந்தால், 1 முதல் 2 வரையுள்ளவை 22 பிறக்கும். நிறை குறையக் குறைய எண்ணிக்கை கூடும் இந்த ஏற்றம் அரை சூரிய நிறைக்குக் கீழே தணிகிறது. ஆனாலும் எண்ணிக்கையில் சிறியவையே பெரும்பான்மை.

பெரியவை எங்கே இருக்கின்றன என்பதுதான் சுவையான கேள்வி. இரண்டு கொத்துகளிலும் அவை மையத்தில் குவிந்திருக்கின்றன. விண்மீன்கள் நெருங்கிக் கடக்கும்போது கனமானவை வேகம் இழந்து உள்ளே இறங்கும், இலேசானவை வெளியே விலகும். இதற்குக் காலம் வேண்டும்; ஓரியன் கொத்துக்கோ வயது சில பத்து லட்சம் ஆண்டுகளைத் தாண்டாது. அதனால் பெரியவை மையத்திலேயே பிறந்தன என்று 1998-இல் போனல், டேவிஸ் இருவரும் வாதிட்டனர். சிறு கூட்டங்களாகப் பிறந்து பின்னர் ஒன்றுகலந்தால் பத்து லட்சம் ஆண்டே போதும் என்று 2009-இல் கணினிக் கணக்குகள் காட்டின. வழக்கு இன்னும் தீரவில்லை.

கண்ணை ஏமாற்றும் சிக்கலும் உண்டு. ஆர்136-இன் நடுப்பகுதியை ஆயிரம் சூரிய நிறைக்கும் மேலான ஒற்றை விண்மீன் என்றே சிலர் கருதினர். 1985-இல் அது எட்டு விண்மீன்களாகப் பிரித்தறியப்பட்டது. அவற்றில் ஆர்136ஏ1-க்கு 2010-இல் 265 சூரிய நிறை என்றார்கள், பிந்தைய அளவீடுகள் 200-ஐ ஒட்டி வருகின்றன.

நெரிசலான மையத்தில் பெரியவற்றின் ஒளியில் சிறியவை மறைவதால், கனமானவை உள்ளே, இலேசானவை வெளியே என்ற பிரிவினை உள்ளதைவிட மிகையாகத் தெரியும். இதைச் சரிகட்ட, படத்தில் பொய் விண்மீன்களைப் புகுத்தி எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று எண்ணுவார்கள். அப்படித் திருத்திய பிறகும், பால்வீதியின் மையத்தருகே உள்ள ஆர்ச்சஸ் கொத்தில் பெருவிண்மீன்கள் சால்பீட்டர் கணக்கைவிட அதிகம்.