மன்னிப்புக்கு முன் ஒரு வார்த்தை

குற்றவாளிக்குத் தண்டனை விதித்ததும் வழக்கு முடிந்துவிட்டதென எண்ணுவோர் பலர். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது முடிவதில்லை. சிறைக்கதவு ஒருநாள் திறக்கலாம். வெளியே வருபவன் அதே ஊர்ச் சந்தியில் வந்து நிற்கலாம். அந்நாளை முன்னரே அறியவும், அதற்குமுன் தன் பக்கத்து வார்த்தையைச் சொல்லவும் அக்குடும்பத்துக்கு உரிமை வேண்டாமா?

உண்டு என்றே நம் நாட்டுச் சட்டம் கூறுகின்றது. மன்னிப்போ தண்டனைக் குறைப்போ ஆலோசிக்கப்படுமிடத்து, பாதிக்கப்பட்டவருக்கு அதனை அறிவித்தல் வேண்டும் என 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. குற்றம் தம் உடலையும் மனத்தையும் தொழிலையும் வருமானத்தையும் எவ்வாறு தாக்கிற்றென அவர் எடுத்துரைக்கலாம். இப்போது அதனிடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உள்ளது.

ஏட்டில் இருப்பது நடப்பில் இருந்ததா? 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எண்மர் கொல்லப்பட்டனர். அதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவ வீரர் 2020 மார்ச்சில் மன்னிப்புப் பெற்று வெளியேறினார். பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர 2011இல் கொலையுண்ட வழக்கிலோ, 2021இல் துமிந்த சில்வாவுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. மனைவியும் மகள் ஹிருணிகாவும் வழக்காடினர். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பைச் செல்லாததாக்கியது. அரசியல் அறிந்த, வசதியுள்ள குடும்பமே இவ்வளவு தூரம் படியேற வேண்டியிருந்தது!

வெசாக் நாளில், அபராதம் கட்ட வழியின்றிச் சிறையிருந்த ஏழைகள் விடுதலையாவதில் நமக்கு மகிழ்ச்சியே. நாம் பேசுவது உயிரும் மானமும் பறிபோன வழக்குகளைப்பற்றி.

இனி கலவானப் பக்கத்துத் தோட்டமொன்றை எண்ணிப் பாருங்கள். உழைக்கும் மகனை இழந்த தாய் லயன் காம்பராவில் வாழ்கிறாள். வீட்டுக்கென்று இலக்கமில்லாத லயங்கள் நம் தோட்டங்களில் மிகப்பல. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, கைமாறி, பல நாள் கழித்தே கிடைக்கும். பிழைப்புத் தேடிக் குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்துவிட்டாலோ அறிவித்தல் யார் கையில் சேரும்? விலாசமில்லாதவருக்கு உரிமை இருந்தும் பயனில்லை.

ஆகையால், வழக்கு முடிந்த பின்னரும் தம் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளல் நன்று. இடம் மாறினால் மீண்டும் எழுதுக. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பு அவ்வுரிமையைத் தந்திருக்கின்றது. வசைமொழி அதில் வேண்டா. எத்தனை நாட்கூலி போயிற்று, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது, இன்று எவருக்கு அஞ்சி எந்த வழியால் நடப்பதில்லை என்பவற்றை உள்ளபடி எழுதினாற் போதும்.

அவ்வார்த்தை முடிவைக் கட்டுப்படுத்துமா? இல்லை, முடிவு வழங்குபவருடையது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதும் தாயும் இருக்கலாம். அதனையும் அவள் வாயிலாகவே கேட்டறிதல் வேண்டும்.