18 வயசானா 300 யூரோ... கலைக்காக காசு கொடுத்த பிரான்ஸ் அதை ஏன் பாதியாக்கியது?

புத்தகம் வாங்கலாம், சினிமாவுக்குப் போகலாம், கான்செர்ட் டிக்கெட் எடுக்கலாம், கிட்டார் கிளாஸில் சேரலாம். செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். 2021 மே மாதம் பிரான்ஸ் தன் நாட்டு 18 வயதுக்காரர்களிடம் சொன்னது இதைத்தான். தலைக்கு 300 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 26 ஆயிரம் ரூபாய். வசதியான வீட்டுப் பிள்ளை, வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசமே கிடையாது.

2025 மார்ச்சில் அந்தத் தொகை 150 யூரோவாகக் குறைந்துவிட்டது. நல்ல திட்டம்தானே, அப்படி என்னதான் ஆச்சு?

பாஸ் கல்ச்சர் - எப்படி வேலை செய்யுது?

திட்டத்தின் பெயர் 'பாஸ் கல்ச்சர்'. பணம் கைக்கு வராது. ஆப்பில் கிரெடிட்டாக ஏறும். பக்கத்தில் என்ன நாடகம் நடக்குது, எந்தக் கடையில் என்ன புத்தகம் இருக்கு என்று ஆப் காட்டும். புக் செய்துவிட்டு நேரில் போக வேண்டும். அமேசானும் கிடையாது, நெட்ஃபிளிக்ஸும் கிடையாது. புத்தகம் வேண்டுமென்றால் கடைக்குள் போய்த்தான் வாங்கியாக வேண்டும்.

2022 ஜனவரியில் வயது வரம்பு கீழே இறங்கியது. 15 வயதுக்கு 20 யூரோ, 16, 17 வயதுகளுக்கு ஆண்டுக்கு 30 யூரோ.

இதோடு இன்னொரு கணக்கும் இருந்தது. அதிகம் பேசப்படாத கணக்கு. மாணவர் ஒருவருக்கு 20 முதல் 30 யூரோ வீதம் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். ஆசிரியர் மொத்த வகுப்பையும் நாடகத்துக்குக் கூட்டிப்போகலாம். அல்லது ஒரு கலைஞரை வகுப்பறைக்கே வரவைத்துப் பயிற்சி கொடுக்கலாம்.

பசங்க என்ன வாங்கினாங்க?

பெரும்பங்கு புத்தகம். ஆரம்பத்தில் அதிலும் பெரும்பாலானவை மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். ஊடகங்கள் உடனே 'மாங்கா பாஸ்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டன.

அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. 18 வயசுப் பையன் தானாகப் புத்தகக் கடைக்குள் நுழைவது சின்ன விஷயமா என்ன? ஆனால், அரசு எதிர்பார்த்தது வேறு. இதுவரை போகாத இடங்களுக்கு, பார்க்காத நாடகத்துக்கு, கேட்காத இசைக்கு அவர்கள் போக வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். அந்த நகர்வு பெரிதாக நடக்கவில்லை.

பிரான்ஸின் தணிக்கை நீதிமன்றம் 2024 டிசம்பரில் கொடுத்த அறிக்கை இதைத்தான் சுட்டிக்காட்டியது. 18 வயதினரில் 84% பேர் பாஸை எடுத்திருந்தார்கள். ஆனால், படிப்பை விட்டு வெளியேறிய இளைஞர்களில் 68% பேர்தான். யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களிடம் குறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. எடுத்தவர்களிலும் பலர், ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். செலவோ ஆண்டுக்கு 20 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது.

டிக்கெட் விலை மட்டும்தான் தடையா?

பாரிஸின் லூவர் மியூசியத்தில் 18 வயதுக்குக் குறைந்த யாருக்கும் நுழைவு இலவசம். விலைதான் தடை என்றால் அந்த வாசலில் தடையே இல்லை. ஆனாலும், மியூசியம் என்றாலே 'நமக்கான இடமில்லை' என்று ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சமூகவியலாளர்கள் பியர் பூர்தியூவும் அலென் தார்பெலும் 1966-லேயே இதை ஆராய்ந்தார்கள். ஐரோப்பிய மியூசியங்களுக்கு யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் படிப்புக்குத்தான் பெரிய பங்கு என்பது அவர்கள் கண்டது. உள்ளே எப்படி நடந்துகொள்வது, எதை எப்படிப் பார்ப்பது என்று வீட்டிலோ பள்ளியிலோ யாராவது பழக்கியிருந்தால்தான் கால் அந்தப் பக்கம் போகும்.

கிராமத்துப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். தியேட்டர் இருப்பது பக்கத்து நகரத்தில். போய்வரும் செலவு இந்த கிரெடிட்டில் வராது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இத்தாலி: 2016-ல் 18 வயதினருக்கு 500 யூரோ கொடுத்து முதலில் தொடங்கியது இவர்கள்தான். சிலர் அந்த வவுச்சரைக் கள்ளத்தனமாகக் காசாக மாற்றிக்கொண்டார்கள். 2024-ல் இது எல்லோருக்கும் கிடையாது என்று மாற்றினார்கள். வருமானம், சொத்து இரண்டையும் வைத்துப் போடும் கணக்கில் 35 ஆயிரம் யூரோவைத் தாண்டாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 500 யூரோ. பள்ளி இறுதித் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால் இன்னொரு 500.

ஸ்பெயின்: 2022-ல் 400 யூரோ. ஆனால், மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நேரடி நிகழ்ச்சிகள், மியூசியம், சினிமா போன்றவற்றுக்கு 200, புத்தகம் போன்ற பொருட்களுக்கு 100, டிஜிட்டலுக்கு 100. மொத்தத்தையும் ஒரே விஷயத்தில் கரைக்க முடியாது.

பிரான்ஸ் எதை வெட்டியது?

2025 மார்ச் முதல் 18 வயதுக்கு 150 யூரோ, 17 வயதுக்கு 50 யூரோ. வசதி குறைந்த குடும்பத்தினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 50 யூரோ. தேவைப்படுகிறவருக்கு அதிகம் என்ற இந்த மாற்றம் நியாயமானது.

இடிப்பது மற்ற இரண்டு வெட்டுகள். 15, 16 வயதினருக்கான கிரெடிட் மொத்தமாக நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2025 ஜனவரி இறுதியில், பள்ளிகளுக்கான ஒதுக்கீட்டுக்கு உச்சவரம்பு வைத்து, புதிய புக்கிங்கை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர்களும் கலைக்குழுக்களும் கொதித்துப்போனார்கள். திட்டமிட்ட நாடகப் பயணங்களும் பயிற்சிப் பட்டறைகளும் அந்தரத்தில் நின்றன.

கவனித்தால் ஒன்று புரியும். தனியாகப் போகத் தயங்கும் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அந்தப் பள்ளிக் கணக்குதான். வீட்டில் பழக்கப்படுத்த ஆள் இல்லாத 15 வயதுப் பெண்ணுக்கு, வகுப்போடு போகும் முதல் நாடகம்தான் அந்த வாசலைத் திறக்கும். 18 வயதில் ஆப்பில் கிரெடிட் ஏறும்போது அதை எங்கே செலவழிக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பட்ஜெட்டில் கை வைக்க வேண்டிய நிலை எந்த அரசுக்கும் வரலாம். அப்போது கடைசியாகக் கை வைக்க வேண்டியது ஆசிரியரின் கணக்கில். பிரான்ஸ் அதில்தான் முதலில் கை வைத்தது.